இரண்டு தொகுதியில் முடியும் தேவை: திருகோணமலையில் பிறபொருளெதிரி ஆலை – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்த திட்டம்

திருகோணமலையில் கப்பல்துறை என்ற ஊர்ப்பக்கம் ஒரு மொனோகுளோனல் பிறபொருளெதிரி ஆலை. ஒரே இலக்கைப் பிடிக்கும், ஒரே வகையான பிறபொருளெதிரிப் புரதம் அது. ஒருமுறை பாவித்துக் கழிக்கும் பை பொருத்திய 2,000 லீற்றர் பயோரியாக்டர் (கலம் வளர்க்கும் கொள்கலம்) ஒன்று, அதன் பின்னால் சுத்திகரிப்பு வரிசை, கடைசியில் குப்பியில் நிரப்பி உறைவுலர்த்தும் பகுதி. முதல் மருந்து மார்பகப் புற்றுநோய்க்கான ட்ராஸ்டுசுமாப். இதை ஒரு கடதாசித் திட்டமாக வைத்துக்கொண்டு, எங்கே நிற்கும், எங்கே சரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததே இந்த ஆய்வு. பணக் கணக்கில் வரும் முதலீட்டுத் தொகைகளும் இயக்கச் செலவுகளும் எடுகோள்கள். வாசிப்பவர் தம்மிடமுள்ள இலக்கங்களைப் போட்டுத் திரும்பக் கணக்கிடலாம்.

திருகோணமலையை ஏன் எடுத்தோம் என்ற கேள்விக்குத் திட்டக்காரர் வழக்கமாகச் சொல்வது துறைமுகம். அந்தக் காரணம் இங்கே எடுபடாது. பிறபொருளெதிரி கப்பலேறும் சரக்கல்ல. ஓர் ஆண்டுக்கு நாடு முழுவதற்கும் போதுமான ட்ராஸ்டுசுமாப் எத்தனை லீற்றர் என்பதைக் கீழே பார்க்கும்போது இது விளங்கும். காணி, கந்தளாய்க் குளத்து நீர், சீமெந்து ஆலையும் மாவாலையும் ஓடுகிற அளவுக்கு இருக்கும் மின்சாரம், கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகம் ஆகியவைதான் கவனிக்க வேண்டிய காரணங்கள்.

நாட்டுக்கு எவ்வளவு வேண்டும்

ஆலைக் கணக்கு நோயாளியின் நிறையிலிருந்து தொடங்க வேண்டும். 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு ட்ராஸ்டுசுமாப் முதல் தடவை கிலோவுக்கு 8 மில்லிகிராம், அதாவது 480 மில்லிகிராம். அதன்பின் 3 கிழமைக்கு ஒரு தடவை கிலோவுக்கு 6, அதாவது 360 மில்லிகிராம். ஓராண்டுக்கு 18 தடவை. கூட்டினால் 6.6 கிராம். ஆனால் மருந்து 150 மில்லிகிராம் குப்பியில் வருகிறது. 360க்கு 3 குப்பி உடைக்க வேண்டும், மிச்சம் 90 வீண். 480க்கு 4 குப்பி, மிச்சம் 120. ஆக ஒருவருக்கு 55 குப்பி, 8.25 கிராம். ஒரே நாளில் பல நோயாளரை வரவழைத்து மிச்சத்தைப் பகிர்ந்தால் இந்த வீண்விரயம் பெருமளவு குறையும். மாவட்ட வைத்தியசாலையில் ஒரு நாளில் ஒருவர், இருவர் மட்டும் வரும்போது அது நடைமுறைக்கு ஒத்துவராது.

இனி ஆலைப் பக்கம். 2,000 லீற்றரில் லீற்றருக்கு 4 கிராம் விளைச்சல் என்பது இன்றைய சாதாரண கலவழிக்கு (ஒரே மூலக்கலத்திலிருந்து பெருக்கிய கலங்களுக்கு) நியாயமான எதிர்பார்ப்பு. 8 கிலோ. சுத்திகரிப்பில் 70 வீதம் தேறினால் 5.6 கிலோ. நிரப்பும்போது 5 வீதம் போகட்டும். 5.3 கிலோ, ஏறத்தாழ 35,000 குப்பி. 55ஆல் வகுத்தால் ஒரு தொகுதி, அதாவது பயோரியாக்டரின் ஒரு ஓட்டம், 640 பேருக்கு ஓராண்டு முழுவதற்கும் போதும்.

இலங்கையில் ஆண்டுக்கு 5,000 அளவில் புதிய மார்பகப் புற்றுநோயாளர் கண்டறியப்படுகிறார்கள். அவர்களில் ட்ராஸ்டுசுமாப் வேலைசெய்யும் வகை, அதாவது கலப்பரப்பில் ஹெர்-2 புரதம் மிகையாக உள்ள ஹெர்-2 நேர் வகை, 15 முதல் 20 வீதம். எல்லோருக்கும் முழுச் சிகிச்சை கிடைத்தாலும் 750 முதல் 1,000 பேர். இரண்டு தொகுதி ஓடினால் தேவை தீர்ந்தது. பயோரியாக்டரின் உற்பத்தி ஓட்டம் 14 நாள், பை மாற்றித் தயார்ப்படுத்த மேலும் 2, 3 நாள். பராமரிப்புக்கு நிறுத்துவதைக் கழித்தாலும் ஆண்டுக்கு 18 தொகுதி ஓட்டலாம். மீதி 16ஐ யாருக்கு விற்பது என்பதுதான் திட்டத்தின் உயிர்நிலை. முதலில் வந்த முன்மொழிவுகள் எதுவும் இதைத் தொடுவதில்லை. எல்லாம் கட்டடத்தின் படத்தோடு தொடங்குகின்றன.

அந்த 16 தொகுதியும் போட்டியிட வேண்டிய சந்தை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு அளவுகோல்: தென் கொரியாவில் சொங்டோவிலுள்ள சாம்சங் பயோலொஜிக்ஸ் ஆலைகளின் மொத்தக் கொள்ளளவு 2025இல் 7,80,000 லீற்றரைத் தாண்டியது. பக்கத்து இந்தியாவில் டொக்டர் ரெட்டீஸ் 2007இலேயே ரிட்டுக்சிமாப் என்ற இன்னொரு பிறபொருளெதிரியின் ஒப்புமை மருந்தை, அதாவது மூல மருந்துக்கு நிகராகச் செய்த பிரதியை, இறக்கிவிட்டது. பயோகொன் நிறுவனத்தின் ட்ராஸ்டுசுமாப்புக்கு 2013இல் அங்கே அனுமதி கிடைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நமது ஆலை அனுமதி பெற்று வெளியே வரும்போது, இவர்கள் தேய்மானமெல்லாம் கழித்து முடித்த இயந்திரத்தில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆலைக்குள்: எது எப்படிக் கெடும்

தொழில்நுட்பம் முடியாத காரியமல்ல. ஆனால் ஒவ்வொரு படியிலும் திருகோணமலை தன் கணக்கை வசூலிக்கும்.

தொடக்கம் 1 மில்லிலீற்றர் குப்பியில் திரவ நைதரசனில் உறைந்திருக்கும் சீன வெள்ளெலிச் சூலகக் கலங்கள். அதை உருக்கி, குலுக்கும் குடுவை, அசையும் பை, 50 லீற்றர், 400 லீற்றர் என்று பெருக்கி 2,000க்குக் கொண்டுவர மூன்று, நான்கு கிழமை பிடிக்கும். திரவ நைதரசன் கொழும்புப் பக்கமிருந்து 260 கிலோமீற்றர் பாதையில் வரும். கந்தளாய்–ஹபரணைத் துண்டில் இரவில் யானை நின்றால் லொறியும் நிற்கும். இப்படி உறைந்த கலக் குப்பிகளின் சேமிப்பான கலவங்கியை ஒரே இடத்தில் வைப்பது மடத்தனம். பாதியை நாட்டின் வேறொரு மூலையிலோ வெளிநாட்டிலோ வைக்காத ஆலைக்கு எந்தக் காப்புறுதிக்காரரும் கையெழுத்துப் போடமாட்டார். 2000 டிசம்பர் 26இல் சூறாவளி திருகோணமலைக்குத் தெற்கே கரையேறியது. 2020 டிசம்பரில் புரெவி வடக்கே கரையேறியது. கலவங்கி அறையின் தளமட்டத்தை இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

பயோரியாக்டரில் கலச்செறிவு உச்சத்துக்கு வரும்போது மில்லிலீற்றருக்கு 2 கோடி கலம் இருக்கும். ஒரு கலம் மணிக்கு 0.3 பிக்கோமோல் ஒட்சிசன் எடுக்கிறது என்று வைத்தால், லீற்றருக்கு மணிக்கு 6 மில்லிமோல். ஆனால் 40 வீத நிரம்பலில் திரவத்தில் கரைந்திருப்பது 0.08 மில்லிமோல்தான். மின்சாரம் போய்க் கலக்கியும் காற்றும் நின்றால், இருக்கும் ஒட்சிசன் ஒரு நிமிடத்துக்குள் முடியும். மின்பிறப்பாக்கி பாரத்தை ஏற்க 10, 15 செக்கன் எடுக்கும். முதல் முயற்சியில் அது பிடிக்கவில்லை என்றால் அங்கேயே விளையாட்டு முடிந்தது. ஆகவே கலக்கியும் காற்று வால்வும் கட்டுப்பாட்டுக் கணினியும் மின்கலத்தில் தனியாக ஓட வேண்டும். குறைந்தது 30 நிமிடத்துக்கு. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பட்டு நாடு முழுவதும் இருண்டது. 2022இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அப்போது டீசலுக்கு வரிசை நின்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் கண்ணுக்கெதிரே நிற்கின்றன. அதற்காக ஆலையின் மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் நிச்சயம் என்று எழுதிவிட முடியாது. 14 நாள் ஓட்டத்துக்கு வேண்டிய டீசல் ஆலை வளவுக்குள் இருக்க வேண்டும்.

அறுவடைப் படியில் ஒரு பழைய பொறி உண்டு. கலங்களைப் பிரிக்கும்போது சில உடைந்து, உள்ளிருக்கும் நொதிகள் வெளியேறும். அந்தத் திரவம் காற்றில்லாமல், வெப்பத்தோடு சில மணித்தியாலம் நின்றால் பிறபொருளெதிரியின் சங்கிலிகளை இணைக்கும் இருசல்பைட்டுப் பிணைப்புகள் அறுந்து, மூலக்கூறு துண்டு துண்டாகும். ஆய்வுகூடத்தில் 5 லீற்றரில் இது தெரியாது. பெரிய பையில்தான் தெரியும். பரிகாரம் எளிது: அறுவடைத் திரவத்தை உடனே 2 முதல் 8 பாகைக்கு இறக்குவது, காற்றூட்டி வைப்பது. ஆனால் 2,000 லீற்றரை 37 பாகையிலிருந்து விரைவாக இறக்கக் குளிர்நீர் வலு வேண்டும். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் வெளியே 35 பாகைக்கு மேல் இருக்கையில் குளிரூட்டி மூச்சுத் திணறும். மாரியில் வாடையோடு வரும் உப்புக்காற்று கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை அரிக்கும். பூச்சிட்ட தகடோ செப்புத் தகடோ போடவேண்டும். விலைமனுவில் இதைக் குறிப்பிடாவிட்டால் சாதாரண அலுமினியம்தான் வந்து இறங்கும்.

பிறகு புரதம்-ஏ நிரல், ரெசின் மணிகள் அடைத்த உருளை. பிறபொருளெதிரியை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை விடும் இந்த ரெசின் லீற்றருக்குப் பத்தாயிரம் டொலர் அளவில் வரும். லீற்றருக்கு 40 கிராம் பிடிக்கும். 8 கிலோவை ஐந்து சுற்றில் ஏற்றினால் 40 லீற்றர் வேண்டும், 4 லட்சம் டொலர். நூறு சுற்றுக்கு மேல் தாங்கும் பொருள் இது. ஆண்டுக்கு இரண்டு தொகுதி மட்டும் ஓட்டினால் பத்துச் சுற்றுத்தான். ஆயுள் முடியுமுன் காலாவதியாகும். நிரலிலிருந்து அமிலத்தில் இறங்கும் திரவத்தை pH 3.6 அளவில் 60 நிமிடம் வைப்பது உறையுள்ள வைரசுகளைக் கொல்ல. கூடுதலாக வைத்தால் புரதம் திரளும், குறைவாக வைத்தால் பாதுகாப்புச் சான்று போகும். அடுத்து அயன் மாற்ற நிரல்கள், 20 நனோமீற்றர் வைரசு வடி, செறிவாக்கல். இவை பற்றி நீட்டத் தேவையில்லை. செய்முறை எல்லா ஊரிலும் ஒன்று.

வைரசைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் அமெரிக்காவில் ஜென்சைம் நிறுவனத்தின் அல்ஸ்ரன் ஆலையில் வெசிவைரசு 2117 புகுந்தது. இதே வெள்ளெலிக் கலங்களில்தான். அங்கே தயாரானது நொதி மருந்து. ஆலை நின்றது, மருந்து மாதக்கணக்கில் தட்டுப்பட்டது. ஒரே ஒரு பயோரியாக்டர் உள்ள ஆலைக்கு இப்படியொன்று நேர்ந்தால் அந்த ஆண்டுக்கு மாற்று வழியே இல்லை.

நீர்: ஒரு கிலோ பிறபொருளெதிரிக்குச் செல்லும் மொத்தப் பொருள் சராசரியாக 7,000 கிலோவைத் தாண்டும், அதில் 90 வீதத்துக்கு மேல் நீர். கந்தளாய்க் குளத்து நீர் மாரியில் கலங்கி வரும், வறட்சியில் கடினத்தன்மை ஏறும். ஊசிமருந்து நீருக்கு அகநச்சு (பற்றீரியாவிலிருந்து வரும் நச்சு) மில்லிலீற்றருக்கு 0.25 அலகுக்குக் கீழே, கடத்துதிறன் 25 பாகையில் 1.3 மைக்ரோசீமன்சுக்குள், சேதனக் காபன் பில்லியனில் 500 பங்குக்குள் நிற்க வேண்டும். எட்டலாம். முன்சுத்திகரிப்பை ஓராண்டின் நீர்ச் சோதனை முடிவுகளை வைத்து வடிவமைத்தால் எட்டலாம். ஒரு கிழமை மாதிரியை வைத்து வடிவமைத்தவர்கள் முதல் நவம்பரிலேயே மென்சவ்வு மாற்றுவார்கள்.

பணம்

எடுகோள்: முதலீடு 60 மில்லியன் டொலர், பத்தாண்டில் கழிவு, ஆண்டுக்கு 6 மில்லியன். ஆட்கள், மின்சாரம், தரக்கட்டுப்பாடு, பராமரிப்பு எல்லாம் ஆண்டுக்கு இன்னொரு 6. தொகுதியொன்றுக்கு மூலப்பொருளும் பைகளும் 4 லட்சம்.

இரண்டு தொகுதி ஓடினால் ஒரு குப்பியின் அடக்கவிலை 182 டொலர். 18 ஓடினால் 30. நோயாளி ஒருவருக்கு 55 குப்பி என்பதால் முதல் நிலையில் ஏறத்தாழ 10,000 டொலர், இரண்டாவதில் 1,650. மூலப்பொருள் இதில் குப்பிக்கு 11 டொலர்தான். மிச்சமெல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகும் நிலையான செலவு. விளைச்சலை 4 கிராமிலிருந்து 8 ஆக்கினால் காப்பாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விளைச்சல் இரட்டித்தால் நாட்டின் தேவை ஒரு தொகுதியில் முடிந்துவிடும். குப்பியின் விலை அசையாது.

இதில் இன்னும் சேர்க்காத ஒன்று, மருந்தை உருவாக்கும் செலவு. கடுமையான ஒழுங்குமுறையுள்ள நாடுகளில் ஓர் ஒப்புமை மருந்துக்கு 7, 8 ஆண்டும் 100 மில்லியன் டொலருக்கு மேலும் போகும் என்பது தொழிலில் வழக்கமான கணக்கு. மூல மருந்தே ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2018, 2019இல் காலாவதியாகவிருந்த சில ஹெர்செப்டின் (ட்ராஸ்டுசுமாப்பின் மூல மருந்து) தொகுதிகளில் சர்க்கரைச் சங்கிலிகள் மாறி, உடலின் நோயெதிர்ப்புக் கொல்கலங்களை அழைக்கும் திறன் இறங்கியிருந்ததைப் போட்டி நிறுவனமொன்றே அளந்து வெளியிட்டது. எந்த ஆண்டின் குப்பியைப் பிரதிசெய்வது என்பதே ஒரு தீர்மானம்.

இந்த இடத்தில் திட்டம் முதல் வடிவில் விழுகிறது. ஆனால் கோப்பை மூடிவிட வேண்டியதில்லை. இதே நாட்டில், இதே மாவட்டத்தில், உலகச் சந்தை செய்து தர மறுக்கும் ஒரு பிறபொருளெதிரி உண்டு.

பாம்புக்கடிக்கான பிறபொருளெதிரி

நச்சுமுறி மருந்தும் பிறபொருளெதிரிதான். குதிரையின் குருதியிலிருந்து எடுக்கும், பலவகை கலந்த பிறபொருளெதிரி. 2012–13இல் நாடளாவிய வீட்டு மதிப்பீடு ஒன்றின்படி இலங்கையில் ஓராண்டில் 80,514 பாம்புக்கடி, 30,543 பேருக்கு நஞ்சேற்றம், 464 மரணம். பெரும்போக அறுவடைக் காலத்தில் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில வயல்களில் கண்ணாடி விரியன். தரையில் பாய்விரித்துப் படுத்தவருக்கு இரவில் கட்டுவிரியன்.

நாம் பாவிப்பது இந்தியாவிலிருந்து வரும் பல்திறன் நச்சுமுறி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. குப்பி 10 மில்லிலீற்றர். ஒரு மில்லிலீற்றர் 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சை நடுநிலையாக்கும் என்பது லேபலில் உள்ள அளவு. அது இந்தியப் பாம்பின் நஞ்சை வைத்து அளந்தது. இலங்கைக் கண்ணாடி விரியன் குருதியைக் கெடுப்பதோடு நரம்பையும் தாக்கும். இமை தொங்கும், விழி அசையாது. நாட்டில் மிகுதியாகக் கடிக்கும், குணகட்டுவா என்று சிங்களத்தில் சொல்லப்படும் குழிவிரியனுக்கு இந்தக் குப்பியில் மருந்தே இல்லை. அதன் கடியில் சிறுநீரகம் பழுதானவருக்குக் குருதி சுத்திகரிப்புத்தான்.

அடுத்தது ஒவ்வாமை. இலங்கையில் 1,007 நோயாளரை வைத்து நடந்து 2011இல் வெளியான ஆய்வில் நச்சுமுறி ஏற்றியவர்களில் 75 வீதத்தினருக்கு உடனடித் தாக்கம் வந்தது. தொடங்கும் முன் அட்ரினலின் 0.25 மில்லிகிராம் தோலின் கீழ் கொடுத்ததில் கடுமையான தாக்கம் கணிசமாகக் குறைந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. இதனால் நச்சுமுறி இருந்தும் கொடுக்கத் தயங்கி, சிறிய வைத்தியசாலைகள் நோயாளியை அம்புலன்சில் ஏற்றி அனுப்பிவிடுகின்றன. மருந்தின் தூய்மைக்குறைவு கடைசியில் பாதையில் கழியும் நேரமாக மாறுகிறது.

மாற்று முயற்சிகள் நடந்தன. இலங்கைக் கண்ணாடி விரியனுக்கென்றே செம்மறியில் தயாரித்த பொலொங்காடாப் என்ற மருந்து 1990களில் நோயாளரிடம் பரிசோதிக்கப்பட்டது. சந்தைக்கு வரவில்லை. கொஸ்டாரிக்காவின் குளொடோமீரோ பிகாடோ நிறுவனமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, குழிவிரியன் நஞ்சையும் உள்ளடக்கிய நச்சுமுறியொன்றை உருவாக்கி 2016இல் எலிச் சோதனை முடிவுகளை வெளியிட்டன. ஆபிரிக்காவில் சனோபி நிறுவனம் பாவ்-அப்ரிக் என்ற நச்சுமுறியின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. கடைசிக் குப்பிகள் 2016 ஜூனில் காலாவதியாயின. மருந்து நல்லதாக இருந்தும் வாங்க ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இவை போதும்.

குதிரைக் கணக்கு இப்படிப் போகும். ஆண்டுக்கு 5,000 பேருக்குத் தலா 15 குப்பி என்று எடுத்தால் 75,000 குப்பி. ஒரு லீற்றர் பிளாஸ்மாவிலிருந்து 60 குப்பி என்றால் 1,250 லீற்றர் பிளாஸ்மா. 450 கிலோக் குதிரையிலிருந்து ஒரு தடவை 6 லீற்றர் குருதி எடுக்கலாம். கிலோவுக்கு 13 முதல் 15 மில்லிலீற்றர் என்பது வரம்பு. அதில் பிளாஸ்மா 3.2 லீற்றர். செங்கலங்களை உப்புநீரில் கலந்து குதிரைக்கே திருப்பி ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் சோகையில் விழும். ஆண்டுக்குப் பத்துத் தடவை எடுத்தால் ஒரு குதிரை 32 லீற்றர். 39 குதிரை போதும். நோய், ஓய்வு, புதிதாகப் பழக்குபவை எல்லாம் சேர்த்து 50. பயோரியாக்டர் போலல்ல இது. தேவையும் ஆலையின் அளவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

குதிரையைக் கடற்கரையில் கட்ட வேண்டாம். கந்தளாய் அல்லது பன்குளம் பக்கம் மரநிழலும் புல்லும் உள்ள நிலம் நல்லது. உண்ணியால் வரும் பபீசியா, ஈயால் வரும் சர்ரா இரண்டையும் மாதச் சோதனையில் பிடிக்க வேண்டும். புதிதாக வரும் குதிரை 6 கிழமையாவது தனிமையில் நிற்க வேண்டும். நஞ்சை மிகச் சிறிய அளவில், துணைப்பொருளோடு கழுத்தின் பல இடங்களில் பிரித்து ஏற்றுவார்கள். ஒரே இடத்தில் ஏற்றினால் சீழ்க்கட்டி வந்து குதிரை மாதக்கணக்கில் பயன்படாது. பிறபொருளெதிரி போதிய அளவு ஏற மூன்று முதல் ஆறு மாதம்.

நஞ்சு சேகரிப்பு இதைவிடத் தொந்தரவு. உள்நாட்டுப் பாம்பு வேண்டும், பல மாவட்டங்களிலிருந்து, ஒவ்வொரு இனத்திலும் 20 முதல் 50 வரை, ஆணும் பெண்ணும். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாது. கட்டுவிரியன் ஒரு கறத்தலுக்குச் சில மில்லிகிராம்தான் தரும். அதன் நரம்புநஞ்சு சிறிய மூலக்கூறு என்பதால் குதிரையும் அதற்கு மந்தமாகவே எதிர்வினை காட்டும். திட்டம் பிந்தினால் பெரும்பாலும் இங்கேதான் பிந்தும்.

சுத்திகரிப்புக்குக் கப்ரிலிக் அமில முறையைத் தெரிவோம். பிளாஸ்மாவை pH 5.8க்குச் சரிசெய்து, கலக்கியபடி 5 முதல் 6 வீதம் வரும்வரை அமிலத்தை மெதுவாக ஊற்றினால் தேவையற்ற புரதங்கள் படிந்துபோகும். பிறபொருளெதிரி கரைசலில் நிற்கும். வடித்து, மென்சவ்வில் கழுவி, செறிவாக்க வேண்டியதுதான். ஒரே படியில் முடிவதால் திரள்கள் குறைவு. திரள் குறைந்தால் ஒவ்வாமையும் குறையும். வேகமாக ஊற்றினால் படிவு களியாகி வடியை அடைத்துவிடும். மணமும் லேசுப்பட்டதல்ல, ஆட்டுக்கிடாய் நாற்றம். கழிவுநீரைத் தம்பலகாமக் குடாவுக்கோ கொட்டியாரக்குடாவுக்கோ விடுகிற பேச்சே கூடாது. மீனவர் சங்கங்கள் முதல் நாளே வாசலில் நிற்கும், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

ஒவ்வொரு தொகுதிக்கும் எலிச் சோதனை. நஞ்சையும் நச்சுமுறியையும் 37 பாகையில் 30 நிமிடம் கலந்து வைத்து, 18 முதல் 20 கிராம் எலிக்கு நாளத்தில் ஏற்றி, எத்தனை உயிர்தப்புகின்றன என்று பார்ப்பது. ஒரு நஞ்சுக்கு 5 செறிவு, செறிவுக்கு 6 எலி, 5 நஞ்சு என்றால் 150 எலி. நாட்டிலேயே சீரான எலிவளர்ப்பு இல்லாமல் இது ஓடாது.

பணக் கணக்கு: முதலீடு 12 மில்லியன் டொலர், ஆண்டு இயக்கச் செலவு 2 மில்லியன் என்று வைத்தால் குப்பி 43 டொலர். எந்தக் கேள்விப்பத்திரத்திலும் இந்தியக் குப்பி இதைவிட மலிவாகவே வரும். குப்பிக்குக் குப்பி ஒப்பிட்டால் தோல்விதான். ஒப்பிட வேண்டியது நோயாளிக்கு எத்தனை குப்பி, எத்தனை பேருக்கு ஒவ்வாமை, எத்தனை நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, குழிவிரியன் கடித்த எத்தனை பேர் குருதி சுத்திகரிப்புக்குப் போனார்கள் என்பதை. கேள்விப்பத்திரச் சபை இப்படி மதிப்பிடுவதில்லை. அலகு விலைதான் பார்க்கும்.

இரண்டுக்கும் பொதுவான கடைசி அறை

இரண்டு கணக்கிலும் வந்துபோன ஓர் இயந்திரம் உறைவுலர்த்தி. ஒரு தடவைக்கு 15,000 குப்பி கொள்ளும் ஒன்றில் 75,000 நச்சுமுறிக் குப்பி ஐந்து சுமையில் முடியும். ஒரு சுமை நான்கு நாள் என்றாலும் ஆண்டில் 20 நாள். மீதி நாளெல்லாம் அது சும்மா நிற்கும். ட்ராஸ்டுசுமாப்பை உறைந்த மொத்தத் திரவமாக இந்தியாவிலிருந்து வாங்கி இங்கே நிரப்பினால் இன்னும் ஐந்து சுமை சேரும். இதுதான் இத்திட்டத்தின் தேறும் வடிவம் என்பது எங்கள் கணிப்பு: பயோரியாக்டரை விட்டுவிட்டுக் கடைசி முனையிலிருந்து கட்டுவது.

லீற்றருக்கு 25 கிராம் செறிவில், நாட்டுக்கு ஓராண்டுக்குப் போதுமான இரண்டு தொகுதி அளவு ஏறத்தாழ 425 லீற்றர். மூன்று சரக்குப் பலகைத்தட்டில் ஏறிவிடும். விமானத்தில் கட்டுநாயக்கா, அங்கிருந்து குளிர் லொறி. உருக்கும்போது கவனம் வேண்டும். உறைகையில் புரதமும் உப்பும் அடியில் செறிந்து போகும். உருகியபின் நன்றாகக் கலக்காமல் நிரப்பினால் சில குப்பிகளில் 130, சில குப்பிகளில் 170 மில்லிகிராம் என்று வரும். அதேநேரம் வேகமாகக் கலக்கி நுரை எழுப்பினால் புரதம் காற்றுப் பரப்பில் திரளும். கரைசலிலுள்ள பொலிசோர்பேற் 20 இதைத் தடுக்கத்தான். ட்ரெகலோசு உலர்ந்த புரதத்தின் உருவைக் காக்க.

உலர்த்தலில் முதல்கட்டம் ஓடும்போது மின்சாரம் போனால் வெற்றிடம் உடையும், குப்பிக்குள் இருக்கும் பனிக்கட்டி உருகி வெள்ளைக் கட்டி சுருங்கும். சுருங்கிய கட்டி நோயாளியின் கட்டிலருகில் லேசில் கரையாது. கடித்து இரண்டு மணித்தியாலம் ஆனவருக்கு 10 குப்பியையும் தாதியொருவர் கையால் உருட்டிக் கரைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். குலுக்கினால் நுரைக்கும், குலுக்காவிட்டால் கரையாது. கரையும் நேரம் 10 நிமிடத்துக்கு மேல் போனால் தொகுதியை வெளியே விடாதீர்கள், மற்றச் சோதனையெல்லாம் தேறினாலும்.

குதிரைப் பிளாஸ்மாவும் கலவழி மருந்தும் ஒரே அறையில் என்றால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை கேள்வி கேட்கும், கேட்கத்தான் வேண்டும். திரவம் தொடும் குழாய், ஊசி, பம்பு எல்லாம் ஒருமுறைப் பாவனைக்குரியவையாக, மருந்துக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்க வேண்டும். ஆண்டில் ஆறு மாதம் ஒன்று, ஆறு மாதம் மற்றது. இடையில் உறைவுலர்த்தியைக் கழுவிக் கிருமியழித்து, குதிரைப் புரத எச்சம் இல்லை என்று அளந்து காட்ட வேண்டும். இந்த அளவீட்டு முறையை உருவாக்கவே ஆறு மாதம் பிடிக்கும். பணம் மிச்சப்படுத்த இந்தப் படியைத் தள்ளிப்போட்டால் இரண்டு மருந்தும் சேர்ந்து நிற்கும்.

ஒழுங்கு

முதலில் கட்ட வேண்டியது தரச் சோதனைக்கூடம். திரள் அளக்கும் நிரல், மின்னேற்ற வேறுபாடு, அகநச்சு, கிருமியின்மை, ட்ராஸ்டுசுமாப்புக்குக் கலத்தில் வலிமைச் சோதனை. ஆலை ஓடுமுன்னரே இது சம்பாதிக்கத் தொடங்கலாம், இறக்குமதியாகும் குப்பிகளைச் சோதித்துக் கொடுப்பதன் மூலம். 2023இல் தரமற்ற மனித இம்யூனோகுளோபுலின் குப்பிகள் அரச வைத்தியசாலைகளுக்குள் வந்து, விவகாரம் நீதிமன்றம் வரை போயிருக்கும் நாட்டில் இந்தச் சோதனைக்கு வேலை குறையாது. ஆட்களை இங்கே தொடங்கிப் பழக்கலாம். நிரப்பும் அறைக்குப் போகிறவர் முதலில் ஆய்வுகூடத்தில் இரண்டு ஆண்டு நின்றவராக இருந்தால் நல்லது. வெளிநாட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் மூன்று பேரைப் பழக்குவதைத் தவிர வேறு மருந்து அதற்கில்லை.

இரண்டாவது, குதிரையும் பாம்பும். கட்டடத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அனுமதியும் நோயெதிர்ப்பு ஏற்றலும் ஓராண்டைத் தின்னும். மூன்றாவது நிரப்பும் அறையும் உறைவுலர்த்தியும். அதற்கான கட்டளையை, சுகாதார அமைச்சு பத்தாண்டுக்கு ஆண்டுதோறும் 75,000 நச்சுமுறிக் குப்பி வாங்குவதாகவும், விலையை நோயாளிக் கணக்கில் மதிப்பிடுவதாகவும் எழுத்தில் தந்த பிறகே கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் வராவிட்டால் சோதனைக்கூடத்தோடு நிறுத்துவதே சரி.

2,000 லீற்றர் பயோரியாக்டரைத் திரும்ப மேசைக்கு எடுக்க ஒரே நிபந்தனை: குறைந்தது 12 தொகுதிக்கு, வேறு நாட்டு வாங்குநரின் கையெழுத்தும் முற்பணமும். அதுவரை கப்பல்துறைக் காணியில் அதற்கு 30 மீற்றர் நீள வெற்றிடத்தை விட்டு, வடிகாலையும் மின்கம்பிக் குழாயையும் இப்போதே புதைத்து வைத்தால் போதும்.